வெந்துபோன நாக்கு

"நாக்கு வெந்துபோச்சு, ஆச்சி. வெத்தலையில சுண்ணாம்பு கூடிப்போச்சு. உப்பு, புளிப்பு எதுவும் இன்னைக்கு எனக்குத் தெரியாது."

கல்யாணத்தன்று காலையில் தலைமைச் சமையல்காரர் வந்து இப்படிச் சொன்னால், பெண்ணைப் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? மெய்யம்மை ஆச்சிக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பூமிநாதன் கை படாத பெரிய கல்யாணம் கிடையாது. தை மாதமே சொல்லிவைத்துப் பிடித்த ஆள். இப்போது என்னடாவென்றால், முக்காலியைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஏற்கனவே ஒரு இடி விழுந்திருந்தது. மதுரையிலிருந்து வெண்டைக்காய் ஏற்றிவந்த வண்டி, அச்சு முறிந்து திருப்பத்தூர்ப் பக்கம் நிற்கிறது என்று சற்று முன்தான் ஆள் வந்து சொல்லியிருந்தான். சம்பந்திக்கு, அரிசி கழுவின தண்ணீரில் புளி கரைத்து வைக்கிற வெண்டைக்காய் மண்டி என்றால் உயிர். இலையில் மண்டி இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்.

"இப்ப மண்டிக்கு என்ன செய்யப் போறீக?" என்றாள் ஆச்சி.

"அதை இவுககிட்டக் கேளுங்க" என்று தன் ஆட்களைக் கை காட்டினார் பூமிநாதன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கரண்டி பிடிக்கிற வீரணன் தலையைச் சொறிந்தான்.

"நீங்க சொல்லுங்கண்ணே, செஞ்சுப்புடுவோம்."

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு இன்னைக்குக் கருப்பட்டியும் களிமண்ணும் ஒண்ணுதான்."

பிறகு வீரணன் இழுத்தாற்போலச் சொன்னான்: "பின்கட்டுல பலாக்கொட்டை கிடக்கு. மாங்காயும் இருக்கு. ரெண்டையும் போட்டு வச்சுப் பாப்பமா?"

"வச்சுப் பாரு."

சின்னச் சட்டியில் வைத்தான். பூமிநாதன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் ஒரு சொட்டு விட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தார்கள். எல்லாருடைய கண்ணும் சேர்ந்தாற்போல் சுருங்கியது.

"பல்லு கூசுதுண்ணே" என்றான் வீரணன், குரலே எழும்பாமல்.

இப்போது திட்டுவார் என்று ஆச்சி எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"போகுது, அதை அங்குட்டு இறக்கி வை. ஏன் கூசுது?"

அரைக்கிற அக்கம்மாள் அம்மியை விட்டு எழுந்து வந்தாள். அதுவரை அவள் குரலை ஆச்சி கேட்டதே இல்லை.

"மாங்காய் போட்ட பிறகு புளி எதுக்குண்ணே? புளியை விட்டுப்புட்டு, அரிசி கழுவுன தண்ணிய நிறைய ஊத்தலாமுல்ல?"

"புளி இல்லாம ஒரு மண்டியா?" என்று வீரணன் சிரித்தான்.

"ஏன், நீ வச்சது மட்டும் மண்டியாக்கும்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதோடு வாய்ப்பூட்டு கழன்றது. கொட்டையை வறுத்துப் போட்டால் வாசமாக இருக்கும் என்றான் ஒருவன். தோலோடு மாங்காயைப் போடலாம் என்றாள் அக்கம்மாள். கருப்பட்டி கிள்ளிப் போடவேண்டும் என்று வீரணன் மல்லுக்கு நின்றான். சந்தைக்கடை மாதிரி இரைச்சல். நடுவில் பூமிநாதன் மட்டும் நாக்கு வெந்தவராக முக்காலியில் இருந்தார். ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க ஒரு தலைமைச் சமையல்காரரா?

பந்தியில் சம்பந்தி மண்டியைத் தொட்டு நாக்கில் வைத்தார். நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். அதையும் வழித்துவிட்டு, "எங்க தேவகோட்டையில இப்படி ஒரு மண்டி சாப்பிட்டதில்லையே. வச்சது யாரு?" என்று கேட்டார்.

பூமிநாதன் வீரணனையும் அக்கம்மாளையும் முன்னால் தள்ளிவிட்டார். "இவுக எல்லாருமா வச்சதுதான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அந்த உண்மையையாவது சொன்னாரே என்று நினைத்துக்கொண்டாள் ஆச்சி.

பந்தியெல்லாம் ஓய்ந்து, அவருடைய ஆட்கள் வெற்றிலை போடப் போனபிறகு, பூமிநாதன் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன இருந்தாலும் பசித்த மனுஷர். வெந்த நாக்குக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆச்சியே தயிர்ச்சோறு கொண்டுவந்து இலையில் வைத்தாள்.

அவர் இலையைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஆச்சி, அந்த மண்டி கொஞ்சம் மிச்சம் இருக்குமா?"

கொண்டுவந்து ஊற்றினாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"கருப்பட்டி முன்னால வருது. தோலோட துவர்ப்பு கடைசியில வந்து நிக்குது, பாத்தீகளா? இது எனக்குத் தோணியே இருக்காது, ஆச்சி."

ஆச்சியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நாக்கு வெந்துபோச்சுன்னீக?"

பூமிநாதன் குரலைத் தணித்துக்கொண்டார். "வண்டி வரலைன்னதும் இவுக எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாக. அப்பத்தான் வெந்துச்சு. என் நாக்கு நல்லா இருந்தா, இவுக தங்களுக்கு நாக்கு இருக்கிறதையே மறந்துபோறாக."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் முழுசாகப் போகவில்லை.

"அதுக்கு என் மக கல்யாணம்தான் கிடைச்சுதா? சம்பந்தி இலையில அது கெட்டுப்போய் விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

பூமிநாதன் இலையை வழித்துக்கொண்டே சொன்னார்:

"கெடுற மாதிரி இருந்தா, அந்த நிமிசமே என் நாக்கு சரியாப் போயிருக்கும், ஆச்சி."