ஒரு மணி நேரம் நெட்

“ஏனுங்க சார், ஒரே ஒரு மணி நேரம் நெட்டு குடுத்தாப் போதுமுங்க. அப்புறம் ஒரு மாசத்துக்குக்கூட நிறுத்திக்குங்க.”

கோமளா நின்றுகொண்டேதான் கேட்டார். உட்காரச் சொல்ல வேண்டும் என்று கோட்டாட்சியர் மனோஜ்குமாருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மேட்டுக்காட்டுப்புதூரில் உயர்மின் கோபுரத்துக்குக் குழி தோண்ட வேண்டும். தென்னந்தோப்பையும் மஞ்சள் காட்டையும் விட மாட்டோம் என்று சுற்றுவட்டார விவசாயிகள் சத்தியமங்கலம் சாலையில் மறியல் அறிவித்திருந்தார்கள். அறிவித்த சங்கத்தின் தலைவி இந்தக் கோமளாதான். அதனால் முந்தின இரவிலிருந்து தாலுகா முழுக்க இணையம் இல்லை. உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது. கேட்டு வாங்கியவர் மனோஜ்குமார்.

“எதுக்கு ஒரு மணி நேரம்?”

“சங்கத்து குரூப்புல ஒரு வீடியோ போடோணுங்க.”

மனோஜ்குமார் பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் குமாரசாமியைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீங்களா? நம்மகிட்டயே வந்து கேக்கறாங்க.” பிறகு கோமளாவிடம் திரும்பினார். “நாளைக்கு மறியலைப் பத்தின வீடியோதானே?”

“ஆமாங்க, அதைப் பத்தித்தானுங்க. ஆனா சார்...”

“போதும். ஒளிக்காம சொன்னதுக்கு நன்றி.”

“சொல்ல வந்ததை முழுசாக் கேளுங்க சார்.”

“நாலு மாவட்டம் பாத்தவன்மா நான். நீங்க வாயைத் திறக்கும்போதே முடிவு எனக்குத் தெரிஞ்சுடும்.”

இன்ஸ்பெக்டர் உதவிக்கு வந்தார். “ஃபோன் வேலை செய்யுதுல்ல அம்மணி? கூப்பிட்டுப் பேசிக்கறது.”

“ஃபோன்ல சொன்னா ஒருத்தரும் நம்பறதில்லீங்க. போன தடவை ஆரோ சங்கத்துப் பேரைச் சொல்லி, ஊரூராப் போன் பண்ணிப் பொய் சொல்லிப்போட்டாங்க. அதுல இருந்து எம் மூஞ்சியோட வீடியோ வந்தாத்தானுங்க நம்பறது.”

இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். அந்த ‘ஆரோ’ யார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

உதவியாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “சார், ரேஷன் கடையில ரேகை மெஷின் ஓடலைன்னு ஜனம் வந்து நிக்குது.”

“நாளன்னிக்கு வாங்கிக்கச் சொல்லுங்க. நாட்டுக்காக ரெண்டு நாள் பொறுக்க முடியாதா?”

நாடு என்று அவர் சொன்னது ஒரு ஒப்பந்தக்காரரையும் அவருடைய இரண்டு பொக்லைன்களையும்.

“நாளைக்கு அந்த ரோட்டுல எவன் தலை தெரிஞ்சாலும் அடிதான் அம்மணி. வெளியூர்ல இருந்தெல்லாம் போலீஸ் வருது” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அந்தப் பயத்துலதானுங்க வந்தேன். ஒருத்தர் மேலயும் அடி விழுந்துரக்கூடாதுங்க. வேணும்னா ஒரு மனுவா எழுதிக் குடுத்துட்டுப் போறனுங்க. படிச்சாவது பாருங்க.”

“மனுவெல்லாம் இப்ப ஆன்லைன்லதாம்மா. வாசல்லயே போர்டு வெச்சிருக்கோமே.”

“நெட்டு?”

“நாளைக்குச் சாயங்காலம் வந்துரும். அப்புறம் போடுங்க.”

சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இல்லை. விதியை விளக்குபவரின் முகம்.

“நெட்டு எங்க காசுல வாங்கினதுங்க. கேக்கறதுக்கு எங்களுக்கு உரிமை இருக்குதுங்க.”

“உரிமையெல்லாம் இருக்கும்மா. சிக்னல்தான் இல்ல.”

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கோமளா மேசையை நெருங்கினார்.

“நீங்க நினைக்கற மாதிரி இல்லீங்க சார். எங்க வக்கீலு காலையில...”

“வக்கீலைக் காட்டி மிரட்டறீங்களா? குமாரசாமி, அம்மாவை ஜீப்புல கொண்டுபோய் வீட்டுல விடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாசல்ல ரெண்டு பேர் நிக்கட்டும். வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது.”

அன்று மாலை கோமளாவின் எண் மனோஜ்குமாரின் செல்ஃபோனில் திரும்பத் திரும்ப ஒளிர்ந்தது. ஒரு தடவையும் அவர் எடுக்கவில்லை. “கெஞ்சட்டும்” என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். தலைவியை வீட்டில் அடைத்தாயிற்று, நெட்டை நிறுத்தியாயிற்று. இனி கூட்டம் எங்கிருந்து வரும்?

காலையில் பொக்லைன்கள் வேலையைத் தொடங்கின. குழி ஆளுயரம் இறங்கியபோது சத்தியமங்கலம் சாலையிலிருந்து இரைச்சல் கேட்டது. டிராக்டரிலும் டெம்போவிலும் மொபெட்டிலும் சனம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இடுப்பில் குழந்தையோடு பெண்கள் சாலையின் நடுவில் உட்கார்ந்தார்கள். எதிரே லத்தியோடு நின்ற போலீஸ் வரிசை, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அடி பின்வாங்கியது.

மனோஜ்குமார் அந்த எண்ணை இப்போது அவராகவே அழைத்தார்.

“என்னம்மா, விளையாடறீங்களா? நெட்டும் இல்லாம, வீட்டை விட்டும் வராம, இவ்வளவு பேரை எப்படிச் சேர்த்தீங்க?”

“நேத்து நான் ஒருத்தரையும் சேர்க்கலீங்க. வரச் சொல்லிப் போன வாரமே வீடியோ போட்டாச்சுங்களே.”

“அப்புறம் எதுக்கு நேத்து நெட்டு வேணும்னு நின்னீங்க?”

மறுமுனையில் குரல் நேற்றைப் போலவே பணிவாக இருந்தது.

“கோபுர வேலைக்கு ஐகோர்ட்டு நேத்தே தடை குடுத்துப்போட்டதுங்க, மறியல் இல்ல, ஆரும் ஊட்டை விட்டு வர வேண்டாம்னு சொல்லத்தானுங்க கேட்டேன். அரசு வக்கீலு அந்த ஆர்டரை உங்களுக்கும் அப்பவே வாட்ஸ்அப்புல அனுப்பிப்போட்டாராமுங்க, நெட்டு வந்ததும் பாருங்க.”