ஓடுதா, ஓடலையா?

செங்காங் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் மாலை வெயில் புதிய கணினியின் மீது சாய்ந்திருக்கிறது. இரைச்சலை உறிஞ்ச உட்சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டிய கனத்த பெட்டி, மெதுவாய்ச் சுற்றும் அகலமான விசிறிகள், அதிகம் சூடேறாதவரை தன் விசிறியைச் சுற்றவே விடாத பவர் சப்ளை என எல்லாமே வேலாயுதம் தேடித்தேடிப் பொறுக்கியவை. மனைவி வைதேகி குரல் கொடுத்துப் பதிவுசெய்த கதை, பழைய கணினியின் இரைச்சலால் ஒலிநூல் பதிப்பகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. வேலாயுதம் பொத்தானை அழுத்துகிறார். ஒரு சத்தமும் இல்லை. "ஓடலையே லா! இதுக்கா கடை கடையா ஏறி இறங்குனீங்க?" என்கிறாள் வைதேகி. முகம் வாட, அவர் மறுபடியும் அழுத்துகிறார். எரிந்துகொண்டிருந்த சின்ன நீல விளக்கு அப்போதுதான் அணைகிறது. "அடடா, ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு! நானே அணைச்சுட்டேன்!" இருவரும் சிரித்து ஓய்ந்த பிறகு, விளக்கு மீண்டும் எரிகிறது. வைதேகி ஹெட்போனை மாட்டி, மைக்கைத் திறந்து, கண்களை மூடிக் கேட்கிறாள். "என்ன, இன்னும் இரையுதா?" "ஒரே ஒரு சத்தம் கேக்குதுங்க." "எது?" "உங்க மூச்சு. வெளிய போங்க, நான் கதை படிக்கணும்." வெற்றிக் கோப்பை வாங்கியவரைப்போல நெஞ்சை நிமிர்த்தி, வேலாயுதம் நுனிக்காலில் வெளியேறுகிறார்.