இரவல் பிளேசர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் எனக்கு மிச்சமிருக்கிற ரெண்டு பல்லும் இப்பவே விழட்டும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு ஆயத்த ஆடைக் கம்பெனியில் விளம்பரம் எழுதும் வேலைக்கு இன்டர்வியூ. புருஷனுக்கு வேலை போய், வீடே இவளைத்தான் நம்பியிருந்தது. அதனால்தான் ட்ரை கிளீனிங் கடை வைத்திருக்கும் தாய்மாமன், எவரோ வெளுக்கப் போட்டிருந்த சிவப்பு பிளேசரை மாட்டி அனுப்பினார். "கறை கிறை பட்டுச்சு, நான் தொலைஞ்சேன்டி கழுதை!"

நடுவில் உட்கார்ந்திருந்த மேனேஜரம்மா அந்தக் கோட்டையே கண்கொட்டாமல் பார்த்தார்.

"எங்கே வாங்கினது?"

"வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார் மேடம்."

"ஓஹோ! இதுக்கு பிளேசர்னு ஏன் பேர் வந்தது?"

இவளுக்குப் போன உயிர் திரும்பியது. "இங்கிலீஷ்ல பிளேஸ்னா கொழுந்துவிட்டு எரியறது மேடம். அந்தக் காலத்துல ஒரு காலேஜ்ல படகு ஓட்டற பசங்க செக்கச்செவேல்னு கோட்டு போட்டாங்களாம். பார்க்க நெருப்பு மாதிரி இருக்குமாம். அப்புறம் எந்த நிறமானாலும் அதே பேர் ஒட்டிக்கிச்சு."

"அப்போ மேடம் போட்டிருக்கிற கறுப்பு?" என்றார் பக்கத்திலிருந்த அதிகாரி.

"அது அணைஞ்சுபோன பிளேசர் சார்."

அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வேர்த்துக் கொட்டுதேம்மா, கோட்டைக் கழட்டி வையேன்."

"கழட்டக் கூடாது!" மேனேஜரம்மா போட்ட அதட்டலில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியே நின்றுவிட்டது.

'சரியான ராட்சசி' என்று கறுவிக்கொண்டே கடைக்கு வந்தாள். "வேலை போச்சு மாமா" என்று முடிப்பதற்குள், பின்னாலேயே மேனேஜரம்மா!

மாமா மேஜைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"என் சிவப்புக் கோட்டு இன்னும் காயலைன்னு காலையில சொன்னீங்களே, இவ மேலதான் காயுதா? உள்ளே என் பேர் தைச்சிருக்கு. கழட்டியிருந்தா பக்கத்துல இருந்த அதிகாரி கண்ணுல பட்டிருக்கும்."

இவள் அழுதேவிட்டாள். "காட்டிக் கொடுக்காம என்னைக் காப்பாத்தினீங்களே மேடம்!"

"உன்னையா? நல்லாயிருக்கே கதை! உன் குட்டு உடைஞ்சா என் குட்டு மட்டும் நிக்குமா? நாளைக்கு வேலையில வந்து சேரு. வாயை மட்டும் திறக்காதே."

போட்டிருந்த கறுப்புக் கோட்டைக் கழற்றி மாமாவின் மேஜைமேல் வீசினார்.

"காலையில என் கோட்டுக்குப் பதிலா எனக்கு இதை மாட்டி அனுப்பினீங்களே, உள்ளே யார் பேர் தெரியுமா? பக்கத்துல இருந்தாரே, அவர் சம்சாரம் பேர்! அந்த மனுஷன் சொல்றார், 'ரொம்ப எடுப்பா இருக்கு மேடம், என் மனைவிக்கும் இது மாதிரி ஒண்ணு வாங்கணும், எங்கே கிடைக்கும்?'"

யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் என்னைக் கைகாட்டிவிடாதீர்கள். என் நல்ல சட்டை ரெண்டும் அந்தக் கடையில்தான் கிடக்கின்றன.