நோயில்லாதவர் படம்

“மாட்டிக்கிச்சும்மா! உங்க மெஷின் இன்னைக்கு வசமா மாட்டிக்கிச்சு!”

எக்ஸ்ரே டாக்டர் நாற்காலியோடு சுழன்று திரும்பினார். கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கழுகு என்று பெயர்.

கதவருகே நின்ற நெஞ்சு நோய் டாக்டருக்கு எரிச்சலாக வந்தது. எக்ஸ்ரேவைப் பார்த்து நோய் சொல்லும் ஏ.ஐ. மெஷினை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று சாயங்காலக் கூட்டத்தில் முடிவாகும். வேண்டும் என்பவள் அவள். திருப்பி அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவர் அவர்.

“என்ன சார் பண்ணுச்சு?”

“பொறி வச்சேன். ஒரு நோயும் இல்லாத ஒருத்தர் நெஞ்சை நேத்து எக்ஸ்ரே எடுத்து, பேர் போடாம உள்ளே தள்ளினேன். கேன்சரா இருக்கலாமாம்! சிவப்பு வட்டம் வேற. சாயங்காலம் இந்த ஒரு படம் போதும், மூட்டை கட்டிடலாம்.”

“நோயில்லைன்னு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியாதா? மூணு மாடியை மூச்சு வாங்காம ஏறுற ஆளு. சிகரெட் தொட்டதில்லை. இன்னைக்குக் காலையிலகூடப் பார்த்தேன், கன்னத்துல சோப்பு நுரையோட பாட்டுப் பாடிக்கிட்டு நின்னார்.”

தம்பியோ மச்சானோ, வீட்டு ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

“எங்க வார்டுல இருக்கிறவங்களும் போன வருஷம் பாடிக்கிட்டுதான் சார் இருந்தாங்க.”

“வக்காலத்தா? நாய் மாதிரி நிழலைப் பார்த்தாலே குரைக்குதும்மா அது. ஒவ்வொரு குரைப்புக்கும் ஒருத்தர் நெஞ்சுல ஊசி குத்தி டெஸ்டுக்குச் சதை எடுக்கிறோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தக் குடும்பம் தூங்குமா?”

அதில் நியாயம் இருந்தது. அப்படித் தூங்காதவர்களை அவள் பார்த்திருக்கிறாள். காலம் கடந்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறாள்.

“வட்டத்தை எடுத்துட்டு ஒரு தடவை பாருங்க சார். தெரிஞ்சவர்னு நினைக்காதீங்க. வார்டுலேர்ந்து வந்த படம்னு நினைங்க.”

“சரி, உங்க திருப்திக்கு.”

வட்டம் மறைந்தது. கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினார். வலது காறை எலும்பைப் பெரிதாக்கினார். இடது பக்கம் போனார். மறுபடி வலதுக்கே வந்தார்.

நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

“பழைய படம் இருக்கா சார்?”

“இருக்கு. வேலைக்குச் சேர்றப்ப எடுத்தது.”

இரண்டையும் அருகருகே வைத்தார். பழையதில் அந்த இடம் துடைத்து வைத்தது போல் இருந்தது. புதியதில், எலும்பு பாதி மறைத்த ஒரு கட்டி.

“நேத்தும் இதே படத்தைத்தான்மா பார்த்தேன்,” என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “நோயில்லைன்னு முடிவு பண்ணிட்டுல்ல பார்த்தேன்.”

“சின்னதாத்தான் இருக்கு. இன்னைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம். அவரை வரச் சொல்லுங்க சார். சொல்லக் கஷ்டமா இருந்தா நான் சொல்றேன்.”

“சொல்லிட்டீங்களே.”

எழுந்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“கூட்டத்துக்கு நீங்க போங்கம்மா. இந்தப் படத்தை நீங்களே காட்டுங்க,” என்றவர், சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே சி.டி. அறைப் பக்கம் நடந்தார்.