சோப்பில் ஒரு பல்தடம்

பொது சுகாதாரப் பயிற்சிக்காகக் கடல் கடந்து வந்து, அந்தத் தெருவில் வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த மாணவிக்கு மூன்றாவது வீட்டிலேயே பொறி தட்டியது. குழாயடியில் இருந்த நீல சோப்பின் ஓரத்தில் ஏதோ குழந்தை கடித்த பல்தடம். முதல் வீட்டு சோப்பிலும் அதே தடம் இருந்ததே?

"வாயால் உபதேசம் பண்ணாதே, செய்து காட்டு" என்பது அவளுடைய பேராசிரியரின் கட்டளை. அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கிளம்பினாலும், பேசாமல் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

நாலாவது வீட்டிலும் அதே நீலம், அதே பல்தடம். கூட வந்த உள்ளூர் நர்ஸ் யாருக்கோ கண்ஜாடை காட்டுவதையும் பார்த்துவிட்டாள்.

'எல்லா வீட்டிலும் சோப்பு இருக்கிறது என்று என்னை எழுத வைக்கத்தான் இந்த நாடகம். இவளும் உடந்தை.'

அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்து, சட்டென்று வீடுகளின் பின்பக்கச் சந்துக்குள் திரும்பினாள். ஒரு பெண் ஈர சோப்போடு ஓடி வந்து கையும் களவுமாகச் சிக்கினாள்.

"யாரை ஏமாத்தப் பாக்குறீங்க, அக்கா?"

நர்ஸ் நெளிந்தாள். "ஏமாத்தலைம்மா. ஒரு வாரமா கடைக்கு சோப்பு வரலை. தெருவிலேயே மிச்சம் இது ஒண்ணுதான்."

"அதை ஏன் எனக்கு முன்னாடி தூக்கிட்டு ஓடணும்?"

"போற இடமெல்லாம் கை கழுவிட்டே இருக்க. காரணமும் சொல்லலை. பாவம், பொண்ணுக்கு ஏதோ வியாதி, சோப்பு இல்லைன்னா தவிச்சுப் போயிடும்னு பேசிக்கிட்டாங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

மாணவி கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். 'இந்தத் தெருவில் நோயாளிகள்' என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

'ஒருத்தி' என்று எழுதினாள்.