இடது பக்கத்துக் கதவு

இடது பக்கத்து வீட்டுக்குள் ஒருவன் பெல்ட்டை ஓங்கியபடி நின்றான். அவன் காலடியில் ஒருத்தி தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

ஓவிய டீச்சர் மைத் தட்டிலிருந்து காகிதத்தை முழுக்க உரித்துப் பார்த்தார். நடுவில் மாடிப்படி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு. வலது பக்கத்துக் கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வரைகிற படமா இது?

'எங்க மாடி' என்று சாதுவான தலைப்புத்தான் கொடுத்திருந்தார். தெர்மாகோல் தட்டில் பென்சிலால் அழுத்தி வரைந்து, கறுப்பு மையை உருட்டி, மேலே காகிதத்தை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. முதல் பெஞ்சு வாயாடி ஒருவன் படத்துக்குப் பதில் தன் பேரை எழுதி ஒற்றினான். எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு நின்றது. "டீச்சர், என் பேரு எனக்கே முதுகைக் காட்டுது!" என்று அவன் ஒப்பாரி வைக்க, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

இந்தப் படத்தை வரைந்த சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. தலை நிமிராமல் அழுத்தி அழுத்தி வரைந்துகொண்டிருந்தாள்.

இப்போது மணி அடித்து எல்லாரும் போய்விட்டார்கள். அப்பா வந்து கூட்டிப்போக வேண்டுமென்று இவள் காத்திருந்தாள்.

"கண்ணு, இது நிஜமாவே நடந்துச்சா?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அடிக்கிறது யாரு?"

மை அப்பிய விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த கேள்வியைக் கேட்க டீச்சருக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் கேட்டார். "படியேறினா உங்க வீடு எந்தப் பக்கம்டா?"

"வலது பக்கம்."

அப்பாடா! டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எதிர்வீட்டில் எவனோ ஒரு படுபாவி பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான், பாவம், பிள்ளை அதைப் பார்த்து மிரண்டிருக்கிறது.

சிறுமி அந்தத் தெர்மாகோல் தட்டை எடுத்து டீச்சர் முன்னால் நகர்த்தினாள்.

"அதை அப்புறம் கழுவிக்கலாம்டா." டீச்சர் தட்டை ஒதுக்கி வைத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிறுமி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

உள்ளே வந்த அப்பாவுக்கு இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். "என்ன டீச்சர், எம்பொண்ணு ஏதாவது வம்பு பண்ணிட்டாளா?"

"வம்பெல்லாம் ஒண்ணுமில்ல சார். இதைப் பாருங்க. உங்க எதிர்வீட்டுல நடக்கறத அப்படியே வரைஞ்சிருக்கா. நாளைக்கே நான் போலீசுல சொல்லப் போறேன். அதுவரைக்கும் நீங்கதான் இவளைப் பத்திரமா பார்த்துக்கணும்."

அவர் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போலீசெல்லாம் எதுக்கு டீச்சர்? நான் பார்த்துக்கறேன். வீட்டுக்குப் போய் இவகிட்ட நிதானமா பேசறேன்."

படத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காயாத மை வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஊறியது. அதைக்கூடக் கவனிக்காமல் கைக்குட்டையை எடுத்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்தார். மகள்மேல் என்ன பாசம் என்று டீச்சர் நெகிழ்ந்தே போனார்.

வாசல்வரை போன சிறுமி திரும்பிப் பார்த்தாள். அவள் மணிக்கட்டு அப்பாவின் பிடிக்குள் இருந்தது.

"டீச்சர்... ஒத்தி எடுத்தா பக்கம் மாறித்தானே வரும்?"