நடைதானம்

எங்கள் ஊர் நலச்சங்கம் மாதம் ஒரு ஞாயிறு நடைதானம் நடத்துகிறது. தொண்டர்கள் அரை மணி நேரம் நடப்பார்கள். அந்த நடை, படுக்கையில் கிடப்பவர்களின் கால்களுக்குப் போய்விடும். நடப்பவர்களின் பாதத்தில் அந்த அரை மணி நேரமும் ஒன்றுமே உறைக்காது.

இந்த மாதக் குலுக்கலில் என் கணவர் பெயர் விழுந்தது. லாரி ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு ஏழு வருடமாகக் கட்டில்தான். பேச்சையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்.

பத்து மணிக்கு நடை தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மெல்லத் தளர்ந்தது. பிறகு திடீரென்று சுளித்தது. கடைசியில், யாரோ உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டியதுபோல் வாய்விட்டுச் சிரித்தார்.

அவருக்காக நடந்த சுகிர்தா போன் செய்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. செருப்போடதான் நடக்கணும்னு சங்கத்துல சொல்லியிருந்தாங்க. அம்மன் கோயில் வாசல்ல பழக்கத்துல கழட்டிக் கும்பிட்டேன். கால்ல ஒண்ணும் தெரியலையா, திரும்பப் போட மறந்து அப்படியே கடல் வரைக்கும் போயிட்டேன். அண்ணனுக்கு ரொம்பச் சுட்டுடுச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் கூப்பிட்டார்.

"கோமளா, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. காலெல்லாம் மணலு. கழுவாம வீட்டுக்குள்ள வந்துட்டேன்."

ஏழு வருடமாகத் தரையில் படாத பாதங்கள். கட்டிலுக்குக் கீழே பேசினை வைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"போயிடுச்சா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு," என்றேன்.